மேனர் குடியானவன் ஏன் ஊரைவிட்டு ஓடவில்லை?

#1 தறிக்காரன்

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச நாளாக ஒரு கணினி விளையாட்டில் விழுந்து கிடக்கிறேன். இடைக்கால ஐரோப்பியக் கிராமம் ஒன்றைக் கட்டி எழுப்ப வேண்டும். நான்தான் அதில் பிரபு. இந்தக் குடும்பம் உழட்டும், அந்தக் குடும்பம் மரம் வெட்டட்டும் என்று சுட்டினால் போதும், மறுபேச்சில்லாமல் செய்கிறார்கள். முடியாது என்று ஒருவனும் சொல்வதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டுவதும் இல்லை.

நிஜத்தில் எப்படி இருந்தது? பண்ணையடிமை என்றால் அடிமையேதானா? வாரத்தில் இரண்டு மூன்று நாள் சம்பளமில்லாமல் பிரபு நிலத்தில் உழைக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் ஏன் ஓடவில்லை? அப்புறம், 'இடைக்காலக் குடியானவனுக்கு நம்மைவிட லீவு அதிகம், வருஷத்தில் 150 நாள்தான் வேலை' என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தி உண்மையா?

#2 கோட்டைவாசல்

நல்ல கேள்வி. முதலில் ஒரு சிக்கலைப் பிரித்துவிடலாம். ராஜா, அவருக்குக் கீழே பெரும் பிரபுக்கள், அவர்களுக்குக் கீழே நைட்டுகள், எல்லாருக்கும் அடியில் குடியானவர்கள் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு முக்கோணம் போட்டிருப்பார்களே, அதில் இரண்டு தனித்தனி விவகாரங்களை ஒட்டவைத்திருக்கிறார்கள். மேல் பாதி, போர்ச் சேவைக்குப் பதிலாக நிலம் கொடுப்பது. அது பாடத்தில் சொல்கிற அளவுக்கு ஒழுங்கான ஓர் அமைப்பாக இருந்ததா என்பதே சந்தேகம். 1974-ல் எலிசபெத் பிரவுன் என்ற வரலாற்றாசிரியர் அதைப் போட்டு உடைத்தார், 1994-ல் சூசன் ரெனால்ட்ஸ் என்ற இன்னொருவர் மிச்சத்தையும் கிளறினார். அந்தச் சண்டைக்குள் இப்போது போக வேண்டாம்.

உங்கள் கேள்வி கீழ்ப் பாதியைப் பற்றியது, அதாவது பிரபுவுக்கும் உழுகிறவனுக்கும் இடையில் இருந்த மேனர். ஒரு பிரபுவின் அதிகாரத்துக்குள் இருந்த நிலமும் குடிகளும் சேர்ந்ததுதான் மேனர். இங்கிலாந்தை வைத்தே பேசுகிறேன். 13-ஆம் நூற்றாண்டு மேனர்களின் கணக்குச் சுருள்களும் கோர்ட்டுச் சுருள்களும் அங்கே மலையாகக் கிடக்கின்றன.

ஊர் நிலத்தில் ஒரு பகுதி பிரபுவின் சொந்தப் பண்ணை. மீதி குடிகளிடம். முழுப் பங்கு ஒரு வீர்கேட், சுமார் 30 ஏக்கர். பாதிப் பங்குக்காரர்தான் பல ஊர்களில் அதிகம். சிலர் சுதந்திரக் குடிகள், பணமாக வாடகை கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மற்றவர்கள் பண்ணையடிமைகள். 1300 வாக்கில் இங்கிலாந்துக் குடியானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்படி. வெட்டிவேலை, அதாவது பிரபு நிலத்தில் சம்பளமில்லாத கட்டாய வேலை, இவர்கள் தலையில்தான்.

அடிமையா என்றால், இல்லை. ராஜா ஆணைப்படி 1086-ல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் நிஜ அடிமைகளைத் தனியாகவே எழுதியிருக்கிறார்கள், பதிவானவர்களில் பத்தில் ஒருவர். அந்த வகை அடுத்த நூறு சொச்சம் ஆண்டில் மறைந்துபோனது. பண்ணையடிமைக்குச் சொந்த வீடு, மாடு, நிலம் உண்டு. அவன் செய்ய வேண்டிய வேலை அந்த நிலத்தோடு ஒட்டியது. 'இந்தப் பங்குக்கு வாரம் இரண்டு வேலை' என்று ஊர் வழக்கம் இருந்தால் பிரபு மூன்றாவது கேட்க முடியாது. ஒரு 'வேலை' எவ்வளவு என்பதும் வரையறைதான். இத்தனை கதிர் அடிப்பது, இத்தனை குழி தோண்டுவது, பல ஊர்களில் மத்தியானத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்காரனே வர வேண்டும் என்றும் இல்லை. மகனை அனுப்பலாம், கூலிக்கு ஆள் பிடித்தும் அனுப்பலாம்.

#3 பழையசோறு

கோட்டைவாசல் ஐயா சொல்வதைக் கேட்டால் நானே ஒரு பாதிப் பங்கு எடுத்துக்கொண்டு அங்கே குடியேறிவிடலாம் போலிருக்கிறது.

வழக்கம் காப்பாற்றியது என்கிறீர்கள். சரி, அந்த வழக்கத்தில் என்னென்ன இருந்தது? வீட்டுத் தலைவன் செத்தால் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்கு. அடுத்த நல்ல மாடு பாதிரியாருக்கு. எழவு வீட்டில், பொம்பளைகள் அழுதுகொண்டிருக்கும்போதே. மகளைக் கட்டிக்கொடுக்க பிரபுவிடம் காசு கட்டி அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஒரு பெண் யாரோடாவது படுத்தாள் என்று தெரிந்தால் அதற்கும் ஓர் அபராதம். மகனைப் படிக்கவைத்துப் பாதிரி ஆக்குவதற்கும் அனுமதி. வெளியூரில் போய் இருப்பதற்கு வருஷா வருஷம் தலைக்காசு. இதெல்லாம் கட்டியதற்கான பதிவு சுருளில் ஏறிவிட்டால், 'பார், இவன் சுதந்திரமானவன் இல்லை' என்பதற்கு அதுவே சாட்சி.

நிலத்தைப் பற்றிப் பிரபு மீது ராஜாவின் கோர்ட்டில் வழக்குப் போடவும் முடியாது. 'இவன் என் பண்ணையடிமை' என்று பிரபு ஒரு வார்த்தை சொல்லி, அது நிரூபணமானால் வழக்கு தள்ளுபடி. பிறகு எங்கே போவது? பிரபுவின் ஆள் உட்கார்ந்து நடத்தும் மேனர் கோர்ட்டுக்கு. அங்கே விதிக்கிற அபராதமும் பிரபுவுக்கே வருமானம்.

#4 தறிக்காரன்

அதைத்தான் கேட்கிறேன். இவ்வளவு இருந்தும் ஏன் ஓடவில்லை? ஒரு வருஷமும் ஒரு நாளும் நகரத்தில் தங்கிவிட்டால் விடுதலை என்று எங்கேயோ படித்தேன்.

#5 மருதன்

சாசனம் பெற்ற நகரங்களில் அந்த விதி உண்டு. ஆனால் நகரத்தில் அந்த ஒரு வருஷம் என்ன சாப்பிடுவீர்கள் என்பது இருக்கிறதே. விவசாயக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், பதில் அதில்தான் இருக்கிறது.

பாதிப் பங்கு, 15 ஏக்கர். மூன்று வயல் முறையில் ஒரு பாகம் எப்போதும் தரிசு. விதைப்பது 10 ஏக்கர். ஏக்கருக்கு இரண்டரை புஷல் (அந்த ஊர்த் தானிய அளவை) விதைத்து, நாலு மடங்கு கண்டால் நல்ல மகசூல். வாற்கோதுமை, ஓட்ஸ் எல்லாம் வேறுபடும், தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆக 100 புஷல். தேவாலயத்துக்குப் பத்தில் ஒன்று, 10 போச்சு. அடுத்த வருஷ விதைக்கு 25. மிச்சம் 65. ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 8 புஷல் தானியம் வேண்டும் என்று வைப்பது வழக்கம். ஐந்து பேர் வீட்டுக்கு 40. மீதி 25-ல்தான் வாடகை, அபராதம், உப்பு, இரும்பு, மாட்டுத் தீனி, ஆலைக்காரன் பங்கு எல்லாம்.

மழை கெடுத்து மகசூல் பாதியானால்? 50 புஷல். பத்தில் ஒன்று 5, விதை 25. ஐந்து பேருக்கு 20 புஷல் மிஞ்சும், அதாவது ஆறு மாதச் சாப்பாடு. 1315-லிருந்து 1317 வரை விடாமல் பெய்த மழையில் வட ஐரோப்பா முழுக்க இதுதான் நடந்தது. விதையைத் தின்றவனுக்கு அடுத்த வருஷமும் இல்லை.

அந்தக் காலத்திலேயே ஹென்லி ஊர் வால்ட்டர் என்பவர் பண்ணை நடத்துகிறவர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். மூன்று மடங்குதான் கண்டது என்றால், தானிய விலை ஏறாத வரை உனக்கு ஒன்றும் தேறாது என்று கூலியெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஏருக்குக் குதிரையைவிடக் காளையே மேல் என்பதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும். குதிரை கிழடானால் தோல்தான் மிஞ்சும், காளை கிழடானால் கொஞ்சம் புல் போட்டுக் கொழுக்கவைத்துச் சாப்பிட்டுவிடலாம்!

இப்போது யோசியுங்கள். 1300-ல் இங்கிலாந்தில் ஜனம் 50 லட்சத்துக்குப் பக்கம். காலி நிலம் கிடையாது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் குடிசைக்காரர்கள் கூலிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் 15 ஏக்கரை விட்டு ஓடினால் மறுநாளே அதைக் கேட்டு நாலு பேர் பிரபு வாசலில் காசோடு நிற்பார்கள். சங்கிலி போட்டுக் கட்டவே தேவையில்லை. ஓடியவர்கள் பெரும்பாலும் பங்கு கிடைக்காத தம்பிகள்தான். அவர்களையும் பிரபு துரத்தவில்லை. வருஷத்துக்கு இத்தனை பென்னி, இல்லாவிட்டால் ஒரு சேவல் என்று தலைக்காசு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான்.

#6 அல்லிராணி

கணக்கு என்ற வார்த்தையைப் பார்த்ததும் வந்துவிட்டேன். வேலை பார்ப்பது தணிக்கைத் துறையில். எனவே மேனர் கணக்குச் சுருளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸ்போர்டு பக்கத்தில் கக்ஸம் என்று சின்ன ஊர். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி கைக்கு வந்தது. கல்லூரிதான் அங்கே பிரபு! ஊரில் பண்ணையை அன்றாடம் நடத்துகிறவர் ரீவ். அவரும் பண்ணையடிமைதான். தங்களில் ஒருவரை ஊராரே தேர்ந்தெடுப்பது பொதுவான வழக்கம். பல ஊர்களில் இந்தப் பதவி வேண்டவே வேண்டாம் என்று அபராதம் கட்டித் தப்பித்திருக்கிறார்கள். கக்ஸமில் ராபர்ட் ஓல்ட்மன் என்பவர் 1311-லிருந்து 1349 வரை ரீவாக இருந்தார். 38 வருஷம்!

ஆண்டுக் கணக்கு செப்டம்பர் 29, மிக்கேல் சம்மனசு திருநாளோடு முடியும். தணிக்கையாளர்கள் வந்து உட்காருவார்கள். ரீவுக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. வெட்டுப்போட்ட கணக்குக் குச்சிகளையும் ஞாபகத்தையும் வைத்துச் சொல்வார், குமாஸ்தா ஒருவர் லத்தீனில் எழுதுவார். சுருளின் முன்பக்கம் பணம். முதல் வரியே போன வருஷ பாக்கி. பிறகு வாடகை, தானியம் விற்றது, கோர்ட் அபராதம். அப்புறம் செலவு. கலப்பைக்கு இரும்பு, வண்டிக்கு அச்சு, அறுவடைக் கூலி. பின்பக்கம் பணமே கிடையாது, எல்லாம் பொருள். கோதுமை இத்தனை புஷல் வந்தது, விதைக்கு இத்தனை, விற்றது இத்தனை. காளை, ஆடு, வாத்து, கோழி, முட்டை வரை வரவும் செலவும். செத்த மாட்டின் தோல்கூடத் தனித் தலைப்பில் வரும்.

எனக்குச் சுவாரஸ்யம் தணிக்கையாளர் கைவரிசை. ரீவ் சொன்ன செலவை ஒரு கோடு போட்டு அடித்து மேலே குறைத்து எழுதுவார்கள். விற்ற விலை போதாது என்றால், 'கணக்கின்போது விற்றது' என்று ஒரு வரியை நுழைத்து வித்தியாசத்தை ரீவ் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரு கோழி வருஷத்துக்கு இத்தனை முட்டை இட்டே ஆக வேண்டும், ஒரு பசுவின் பாலில் இத்தனை பாலாடைக்கட்டி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பு வைத்திருந்தார்கள். கோழி இடாத முட்டைக்கும் ரீவ் பதில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு எங்கள் அலுவலகத்தில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை.

ஆனால் 38 வருஷம் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தார் என்றால், அவருக்கும் அதில் ஏதோ இருந்திருக்கிறது என்றுதான் ஒரு தணிக்கைக்காரியாக நான் நினைப்பேன். ராபர்ட் என்னை மன்னிக்கட்டும்.

#7 சுக்குக்காப்பி

நம்ம ஊர் ஜமீனும் பண்ணையாளும் இதே கதைதானே? அப்புறம் கல்யாணமான முதல் ராத்திரி பெண்ணைப் பிரபு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு ஹாலிவுட் படத்தில் காட்டினார்களே, அதைப் பற்றி யாரும் பேசக் காணோம்?

#8 கோட்டைவாசல்

ஜமீனுக்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே வாருங்கள். இரண்டையும் ஒரே பானையில் போட்டால் இரண்டுமே வேகாது.

முதலிரவு உரிமை கட்டுக்கதை. கல்யாணக் காசு, அபராதம் என்று அற்ப விஷயத்தையும் விடாமல் எழுதிவைத்த சுருள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இப்படி ஓர் உரிமையை யாரும் நடத்திக்கொண்டதாக நம்பத்தகுந்த ஒரு பதிவுகூட இல்லை. பழைய காலத்தைக் காட்டுமிராண்டிக் காலமாகக் காட்ட விரும்பிய பிற்காலத்தவர் ஊதிப் பெருக்கியது. பிரபுக்கள் பெண்களிடம் அத்துமீறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது சட்ட உரிமையாக இல்லை, அவ்வளவுதான்.

#9 செம்பருத்தி

பெண்கள் பேச்சு வந்ததால் ஒன்று. மேனர் கோர்ட்டுச் சுருளில் பெண்கள் பெயர் அதிகம் வருகிற இடம் எது தெரியுமா? ஏல் காய்ச்சியதற்கான அபராதம். ஏல் என்பது தானியத்தில் காய்ச்சும் மது. அங்கே அது தினசரிப் பானம், சீக்கிரம் புளித்துவிடும், அதனால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது காய்ச்சியாக வேண்டும். வீட்டுக்குக் காய்ச்சியது போக மிச்சத்தை வாசலில் ஓர் அடையாளக் கம்பம் நட்டு விற்பார்கள். ஊர்ச் சுவைப்பாளர் வந்து ருசி பார்த்து, அளவு பார்த்து விலையைச் சரி சொல்ல வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் வந்த ரொட்டி, ஏல் சட்டப்படி அளவோ விலையோ தப்பினால் அபராதம்.

கோர்ட் கூடும்போதெல்லாம் அதே பெண்கள், அதே சில்லறை அபராதம். ஜூடித் பென்னட் மாதிரி வரலாற்றாசிரியர்கள் இதைத் தண்டனையாக இல்லாமல் லைசென்ஸ் கட்டணமாகத்தான் பார்க்கிறார்கள். பிரபுவுக்குக் காசு, இவளுக்கு வியாபாரம். பின்னால் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ போட்ட பியர் வந்தது, பல நாள் கெடாமல் இருந்தது, பெரிய அளவில் காய்ச்ச முதல் போட வேண்டியதாயிற்று. தொழில் கொஞ்சம் கொஞ்சமாக ஆண்கள் கைக்குப் போனது.

#10 பழையசோறு

லைசென்ஸ் கட்டணம் என்று பெயர் மாற்றினால் இனிக்குமா என்ன? ஆலைக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

டூம்ஸ்டே கணக்கிலேயே சுமார் 6,000 ஆலைகள். பெரும்பாலும் பிரபுக்களுடையவை. பண்ணையடிமை தன் தானியத்தை அங்கேதான் அரைக்க வேண்டும். அரைப்புக் கூலியாக 16-ல் ஒரு பங்கோ 24-ல் ஒரு பங்கோ மாவு போகும், வட இங்கிலாந்தில் இன்னும் கூடுதல். பிரான்ஸில் ஆலையோடு நிற்காது, ரொட்டி சுடும் அடுப்பும் திராட்சை பிழியும் செக்கும் பிரபுவுடையவை. வீட்டில் ஒரு திரிகை இருந்தால் இந்தக் கூலி மிச்சம். அதனால்தான் திரிகை மேல் பிரபுக்களுக்கு அப்படி ஒரு கோபம்.

செயின்ட் ஆல்பன்ஸ் நகரம் அங்கிருந்த மடத்துக்குச் சொந்தம். வீட்டில் திரிகை வைத்துக்கொள்ளும் உரிமைக்காக நகரத்தார் 1270-களிலிருந்தே மடத்தோடு மல்லுக்கட்டினார்கள். 1327-ல் மடத்தையே முற்றுகையிட்டார்கள். அப்போது மடாதிபதியாக வந்தவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட். சாதாரண ஆள் இல்லை. வானியல் மேதை, அந்த நூற்றாண்டின் அதிசயம் எனத்தக்க ஒரு வானியல் கடிகாரத்தை வடிவமைத்தவர். தொழுநோயால் உடல் அழுகிக்கொண்டிருந்த நிலையிலும் வழக்கை விடவில்லை. 1331 வாக்கில் நகரத்தார் தோற்றார்கள். வீடு வீடாகத் திரிகைக் கற்களைப் பிடுங்கிக் கொண்டுவந்தார்கள். மடாதிபதி அவற்றை என்ன செய்தார்? மடத்துக் கூடத்தின் தரையில் பதித்துவிட்டார். வழக்குப் பேச வருகிறவன் தன் வீட்டுத் திரிகையை மிதித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

ஐம்பது வருஷம் கழித்து, 1381 ஜூனில், கலகம் வெடித்தது. வில்லியம் கிரிண்ட்காப் என்பவர் தலைமையில் நகரத்தார் மடத்துக்குள் புகுந்து முதலில் பெயர்த்தது அந்தத் தரையைத்தான் போலிருக்கிறது. கற்களைத் துண்டு துண்டாக உடைத்து ஆளுக்கு ஒன்றாக, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மந்திரித்த ரொட்டி கொடுப்பார்களே, அந்த மாதிரி பங்கிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இதை எழுதிவைத்தவர் அதே மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம், கலகக்காரர்களைக் கண்டாலே ஆகாதவர். கிரிண்ட்காப்பை ஜூலையில் தூக்கிலிட்டார்கள்.

வழக்கம் காப்பாற்றியது என்கிறவர்கள் அந்தத் தரை மேல் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும்.

#11 கோட்டைவாசல்

கதை அருமை, மறுக்கவில்லை. ஆனால் செயின்ட் ஆல்பன்ஸ் ஆட்கள் நகர வியாபாரிகள், கைவினைஞர்கள். ஐம்பது வருஷம் வக்கீல் வைத்து வழக்காடும் அளவுக்கு வசதி இருந்தவர்கள். கிராமத்துப் பாதிப் பங்குக்காரனை அதே தட்டில் வைக்க முடியாது. அவன் போராட்டம் வேறு மாதிரி. வெட்டிவேலைக்கு வருவான், ஆனால் உழவை மேலோட்டமாகக் கீறிவிட்டுப் போவான். தாமதமாக வருவான். ஊரோடு சேர்ந்து வராமலே இருப்பான். 'பிரபு நிலத்தை மோசமாக உழுதான், அபராதம்' என்ற பதிவு கோர்ட்டுச் சுருளில் சலிக்கிற அளவுக்கு வரும். அதனால்தான் பல பிரபுக்கள், வேலைக்குப் பதில் காசைக் கொடு, நான் கூலியாள் வைத்துக்கொள்கிறேன் என்று 'வேலையை விற்க' ஆரம்பித்தார்கள். குளிர்கால வேலை ஒன்று அரை பென்னி, ஒரு பென்னி என்று போனது.

தறிக்காரன் கேட்ட 150 நாள் விஷயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

#12 மருதன்

அது அரைகுறைக் கணக்கு. கிரிகரி கிளார்க் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் 1980-களில் போட்ட மதிப்பீடு ஒன்றிலிருந்து வந்தது. பிற்பாடு அவரே மனம் மாறி 300 நாள் பக்கம் போய்விட்டார். ஆனால் இணையத்தில் பழைய எண்தான் ஓடுகிறது.

பொதுவாகவே இந்த மாதிரிக் கணக்கில் கூலிக்கோ பிரபுவுக்கோ உழைத்த நாள்தான் தெரியும். தன் நிலத்தை உழுதது, மாட்டுக்குப் புல் அறுத்தது, விறகு, கூரை, நூல் நூற்றது எதுவும் ஏறாது. திருநாள் நிறைய இருந்தது உண்மை. திருநாளன்று மாடு பட்டினி கிடக்குமா?

யார்க்ஷயரில் வாரம் பெர்ஸி என்று கைவிடப்பட்ட கிராமம் ஒன்று உண்டு. 1950 முதல் நாற்பது வருஷம் தோண்டினார்கள். கல்லறைத் தோட்டத்தில் எடுத்த எலும்புகளை அளந்து பார்த்ததில், 14 வயதுப் பிள்ளை இன்றைய 10 வயதுப் பிள்ளையின் உயரம்தான். லீவில் வளர்ந்த பிள்ளைகளாகத் தெரியவில்லை.

#13 தறிக்காரன்

சரி, ஓடாததற்குக் காரணம் நிலம் கிடைக்காதது என்றால், கொள்ளைநோய் வந்து பாதிப் பேர் போன பிறகு?

#14 அல்லிராணி

அப்போது ஓடினார்கள்! கக்ஸமுக்கே வருகிறேன். 1349-ல் நோய் அங்கே வந்தது. ராபர்ட் ஓல்ட்மன் அந்த வருஷம் போய்ச் சேர்ந்தார். அவர் மட்டும் இல்லை, ஊரில் பாதிப் பங்கு வைத்திருந்த பண்ணையடிமைகள் அத்தனை பேரும் வருஷம் முடிவதற்குள் காலி. நாலு பேர் காசோடு வாசலில் நிற்பார்கள் என்று மருதன் சொன்னாரே, அந்த நாலு பேரும் இல்லை. நாடு முழுக்க 1377-ல் ஜனம் 25 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது.

இப்போது பேரம் திரும்பிவிட்டது. பக்கத்து ஊர்ப் பிரபுவே 'வா, வெட்டிவேலை கிடையாது, வாடகை மட்டும் கொடு' என்று ஓடிவந்தவனை வரவேற்கிறான். கூலி ஏறுகிறது. பயந்துபோன அரசு 1349-லேயே ஓர் அவசர ஆணை, 1351-ல் ஒரு சட்டம் போட்டது. நோய்க்கு முந்தைய கூலிதான், அதற்கு மேல் கேட்டால் குற்றம், ஒப்பந்தத்தை விட்டு ஓடினால் சிறை. பிரபுக்கள் அதை ஆளுக்கு ஆள் மீறினார்கள். அறுவடை கண்முன் உதிரும்போது சட்டத்தையா பார்ப்பான்? பணமாகக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று சாப்பாடாகவும் துணியாகவும் கூட்டிக் கொடுத்தவர்களும் உண்டு.

#15 பழையசோறு

இதோடு 1377, 1379, 1380 என்று மூன்று தலைவரி. அந்தக் கோபம்தான் 1381. எசெக்ஸ், கென்ட் ஆட்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். ஜூன் 14, மைல் எண்டில் 14 வயது ராஜா இரண்டாம் ரிச்சர்டிடம் கேட்டது என்ன? பண்ணையடிமைத்தனம் ஒழிய வேண்டும், ஏக்கருக்கு 4 பென்னி வாடகை மட்டும். சரி என்று சாசனம் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் கலகத் தலைவர் வாட் டைலரைக் கொன்றார்கள். ஜூலைத் தொடக்கத்தில் சாசனத்தை ரத்து செய்தார்கள்.

கவனியுங்கள், கலகக்காரர்கள் ஊர் ஊராகப் போய்த் தேடித் தேடி எரித்தது மேனர் கோர்ட்டுச் சுருள்களை. தங்களைக் கட்டியிருந்தது எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

#16 கோட்டைவாசல்

எரித்தார்கள், உண்மை. அடுத்த நூறு வருஷத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பண்ணையடிமை முறையை இங்கிலாந்தில் எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை, ஆள் கிடைக்காமல் அது தேய்ந்தே போனது. பழைய பங்குகளை வாடகைக்கு எடுத்தவர்கள் தங்கள் பெயரும் நிபந்தனையும் கோர்ட்டுச் சுருளில் ஏறியதும் அந்தப் பதிவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். அதுதான் அவர்களுக்குப் பட்டா. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராஜாவின் கோர்ட்டுகளும் அந்த நகலை மதிக்கத் தொடங்கின. தாத்தா எரித்த சுருளின் நகலைப் பேரன் பெட்டியில் பூட்டி வைத்தான். இந்த நகல் பட்டா முறை 1926 ஜனவரி 1 அன்றுதான் சட்டப்படி முடிவுக்கு வந்தது.

அதே கொள்ளைநோய்க்குப் பின் போலந்து, பிரஷ்யா, ரஷ்யா பக்கம் நேர் எதிராகப் போனது. அங்கே பிரபுக்கள் கயிற்றை இறுக்கினார்கள். ரஷ்யாவில் 1649 சட்டத் தொகுப்பு குடியானவனை நிலத்தோடு பூட்டியது, 1861-ல்தான் அவிழ்த்தார்கள். ஆள் குறைந்தாலே விடுதலை வந்துவிடும் என்றால் அங்கேயும் வந்திருக்க வேண்டும். ஊராக ஒட்டி நின்று பேரம் பேசும் பழக்கமும் அரசு யார் பக்கம் நின்றது என்பதும்தான் வித்தியாசம் என்று 1976-ல் ராபர்ட் பிரென்னர் என்ற வரலாற்றாசிரியர் வாதாடினார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

#17 செம்பருத்தி

இந்த மூன்று வயல், மேனர் கோர்ட் எல்லாம் இன்றைக்கும் எங்காவது மிச்சம் இருக்கிறதா?

#18 மருதன்

நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன். மூன்று திறந்த வயல், நடுவில் வேலி கிடையாது, பங்குகள் இன்றும் பட்டை பட்டையாக. வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் ஊர் ஜூரிகள் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். எவனாவது பாதையையோ புல்வெளியையோ சேர்த்து உழுதிருந்தால் கோர்ட்டில் அபராதம். முளை அடித்து எல்லையைச் சரிசெய்துவிட்டு மதுக்கடைக்குப் போவார்கள். 1635-ல் வரைந்த ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு பட்டையும் இருக்கிறது.

#19 பழையசோறு

லாக்ஸ்டன் தப்பியது. வாரம் பெர்ஸி? கொள்ளைநோயில் அழிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், இல்லை. நோய்க்குப் பிறகும் நூற்றைம்பது வருஷம் ஜனம் இருந்தது. 1500 வாக்கில் பிரபுவுக்கு உழவைவிட ஆட்டு ரோமம் லாபம் என்று ஆகிவிட்டது. தானியம் வேண்டாம் என்றதும் குடியும் வேண்டாம். ஓடாதே என்று தலைக்காசு வாங்கிய அதே இனம் இப்போது 'கிளம்பு' என்கிறது. கையில் நகல் பட்டா இருந்ததா ஐயா அவர்களுக்கு?

#20 கோட்டைவாசல்

எல்லாருக்கும் அது ஒரே பலம் கொடுக்கவில்லை. பரம்பரையாக வைத்திருந்தவன் வழக்காடலாம். ஓர் ஆயுளுக்கு, அல்லது சில ஆண்டுக்கு என்று எடுத்தவனைக் காலம் முடிந்ததும் வெளியே அனுப்புவது சட்டப்படி சுலபம். உங்கள் கோபம் நியாயம்தான். ஊர்கள் காலியாவதைப் பார்த்து 1517-ல் ராஜாவின் மந்திரி கார்டினல் உல்ஸி ஒரு விசாரணைக் குழு போட்டார். வாரம் பெர்ஸியில் நாலு ஏர் நிறுத்தப்பட்டது, நாலு வீடு இடிய விடப்பட்டது என்று பிரபு ஹில்ட்டன் பெயரில் அதில் பதிவு இருக்கிறது. வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று குழு எழுதவில்லை.